வழுக்குத் தடம்

ஒக்ரோபர் 4, வெள்ளி

இந்தக் கொப்பி ஆரணி போன கிறிஸ்மஸுக்குத் தந்தது. "அம்மா, இதில நோர்வேஜிய மொழியில எழுதிப் பழகுங்கோ" என்றாள். நான் தமிழில்தான் எழுதப்போகிறேன். மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அது ஒருவகையில் வசதி.

இன்று மூன்றாவது கார் வகுப்பு. எனக்கு ஐம்பத்தொரு வயது. பழக்குகிற தூருனுக்கு இருபத்தேழு. சுற்றுவட்டத்தில் இரண்டு தரம் கூடுதலாகச் சுற்றினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது சுற்றில் மட்டும், "இந்த இடம் உங்களுக்குப் பிடித்துவிட்டதா?" என்று கேட்டாள்.

முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்கிறவர்கள், ஏன் இந்த வயதில் கார் ஓடப் பழகுகிறாய் என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் போய்வர நாளுக்கு இரண்டு மணித்தியாலம் போகிறது என்று சொல்கிறேன். அது உண்மைதான். இன்னொன்றும் இருக்கிறது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "யோகா எப்படி இருக்கிறார்?" என்று கேட்கிறார். யோகா என் கணவர். இந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓடியவர். இப்போது அதே பஸ்களைக் கழுவுகிறார்.

போன பெப்ரவரியில் நாங்கள் இருவரும் போன கார் எதிர்ப்பக்கத்துக்குப் பாய்ந்து, சறுக்கி, பிரண்டது. எனக்குக் காறை எலும்பு உடைந்தது. அவருக்கு இரண்டு விலா எலும்பு. அவர் ஓடும்போது கண்ணயர்ந்துவிட்டார் என்று பொலிஸ் அறிக்கையில் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு லைசென்ஸை எடுத்துவிட்டார்கள்.

இரவுக்குக் கணவாய்க் கறி. உறைந்த கணவாய் என்றாலும் நன்றாக இருந்தது.

ஒக்ரோபர் 12, சனி

பள்ளி மண்டபத்தில் நவராத்திரி வாணி விழா. இந்த ஊரில் உள்ள பதினாறு தமிழ்க் குடும்பங்களும் வந்திருந்தன. நான் அவலும் கடலையும் பரிமாறினேன். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்து முடிந்ததும், விழாவை நடத்திய இந்திரகுமார் மைக்கைப் பிடித்து, "பரிசு எடுத்த பிள்ளையள் எல்லாரையும் யோகண்ணை வீட்டை கொண்டுபோய் விடுவார். ஆனா வழியில ஆரும் தாலாட்டு மட்டும் பாடிப்போடாதேங்கோ!" என்றான்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். "ஓமடாப்பா, என்ர பிழைதானே" என்றார்.

என் கையில் கடலைச் சட்டி இருந்தது. அடுத்த வரிசைக்குப் போனேன்.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். திரைச்சீலைகளையும் கழற்றித் தோய்த்தேன்.

நவம்பர் 6, புதன்

முதல் பனி. விடிய எழும்பிப் பார்த்தால் அவர் வெளியே நின்று கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். விபத்துக்குப் பிறகு வாங்கிய பழைய கார் அது. வாங்கிய நாளிலிருந்து முற்றத்தில்தான் நிற்கிறது. அவர் ஓடக்கூடாது, எனக்கு ஓடத் தெரியாது. ஆனாலும் துடைத்து வைக்கிறார்.

பின்னேரம் தூருனிடம் பாடம். ஐஸில் கார் ஓடிப் பழகும் வழுக்குத் தடத்துக்குப் போக முன்னர் தெரிந்திருக்க வேண்டியவை. ஐஸில் கார் நிற்க எவ்வளவு தூரம் எடுக்கும், ஏன் பிரேக்கைத் திடீரென்று மிதிக்கக்கூடாது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினாள். கடைசியாக, "பக்கத்தில் இருப்பவர் ஒருபோதும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. கார் சறுக்கும்போது இரண்டு பேருடைய கை இருந்தால் கார் யாருடைய சொல்லையும் கேட்காது" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒன்றும் மனதில் ஏறவில்லை.

நவம்பர் 16, சனி

வழுக்குத் தடத்தில் முதல் நாள்.

ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் ஒரு பெரிய திடல். தண்ணீர் விட்டு உறைய வைத்திருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி போல மின்னியது. இந்த மாதத்தில் இங்கே நண்பகலும் மங்கல்தான். இப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்த இரண்டு பெண்பிள்ளைகளும் என்னோடு வந்திருந்தார்கள். முதலில் தூருன் எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே காரைச் சுழல விட்டாள். பிள்ளைகள் இருவரும் கத்திச் சிரித்தார்கள். நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சேலைக்கடையில் பார்த்த ஒரு நீலச் சேலையைப் பற்றி நினைத்தேன். ஏன் அது நினைவுக்கு வந்ததென்று தெரியவில்லை.

என் முறை வந்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக். சரியாக வந்தது. நாற்பதில் பிரேக். கார் நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது, ஆனால் நேரே போனது. தூருன் கைதட்டினாள். அடுத்தது, குறுக்கே ஒரு பொருள் வந்தால் அதைச் சுற்றிப் போகும் பயிற்சி. அந்தப் பொருள் ஒரு கலைமான். ரப்பர் பஞ்சில் செய்து, கயிற்றில் கட்டி இழுக்கிறார்கள்.

மான் வந்தது. நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.

கார் சுற்றிச் சுற்றிப் போய்ப் பனிக்குவியலில் மெதுவாக மோதி நின்றது. தூருன் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்திருக்கிறாள். பிறகு, "கையை ஏன் எடுத்தீர்கள்?" என்றாள்.

"என் கைகள் பிழை செய்யும் என்று நினைத்தேன்."

"முன்பு உங்களுக்கு விபத்து நடந்ததா?"

"என் கணவருக்கு."

"நீங்கள் காரில் இருந்தீர்களா?"

"பக்கத்தில்."

அவள் தன் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தாள். இந்தப் பயிற்சியை நான் இன்னொரு நாள் வந்து செய்யவேண்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

நான் தடத்தில் தோற்றுவிட்டு வந்ததை அவரிடம் சொன்னேன். கையை எடுத்ததைச் சொன்னேன். மானைப் பற்றிச் சொல்லவில்லை.

சோறு அவிந்துகொண்டிருந்தது. அவர் எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துவந்து என் கையில் தந்து சோபாவில் இருத்தினார். தான் வலப்பக்கத்தில் இருந்துகொண்டார்.

"இது ஸ்டியரிங். ஐம்பதில போறீர். பின்சில்லு வழுக்கிக் காரை இழுக்குது. எங்க பாப்பீர்?"

"மரத்தை."

"மரத்தைப் பாத்தா மரத்திலதான் போய் இடிப்பீர். போக வேண்டிய இடத்தைப் பாரும். கை தானாப் பின்னால வரும்."

தட்டைத் திருப்பினேன். அவர் டயர் கீச்சிடுவதுபோலச் சத்தம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாறு தரம் செய்தோம். அவருடைய இரண்டு கைகளும் தொடைக்குக் கீழே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"பக்கத்தில இருக்கிற ஆள் கையைப் போட்டா?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த தட்டை வாங்கினார். "உமக்குப் பக்கத்தில நான்தானே இருப்பன். நான் போடமாட்டன்" என்றார். பிறகு எழும்பிப் போய்ச் சோற்றைப் பார்த்தார்.

நவம்பர் 23, சனி

ஆரணி போன் எடுத்தாள். "அப்பாவைத் தனிய கார் பக்கம் விடாதேங்கோ, திருப்பியும் நித்திரையாப் போவார்" என்று பகிடியாகச் சொன்னாள். அவளை ஏசிவிட்டேன். அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை.

நவம்பர் 30, சனி

இன்று மான் வந்தபோது நான் அதைப் பார்க்கவில்லை. அதற்கு இடப்பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தேன். பின்சில்லு இழுத்தது. கையை விடவில்லை. கார் ஒருதரம் ஆடி, மறுதரம் ஆடி, நேரே வந்தது. மூன்று தரம் செய்யச் சொன்னாள். மூன்று தரமும் வந்தது.

தூருன் இறங்கிவந்து கட்டிப்பிடித்தாள். நான் அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள். அப்போதுதான் சொன்னேன். நோர்வேஜிய மொழியில் அந்த வசனத்துக்கு ஐந்து சொல் போதும்.

"அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது நான்."

அவள் சிரிப்பு நின்றது. "அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவருடைய கைக்கு மேலேதான் என் கை இருந்தது."

டிசம்பர் 1, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் அம்மா செத்துப்போனா. பனிப்புயலில் விமானங்கள் நின்றுவிட்டன. இறுதிக் கிரியைகளைப் போனில் பார்த்தேன். கொள்ளி வைக்கும்போது படம் உறைந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மரக்கறி வாங்கத்தான் அன்று நகரத்துக்குப் போனோம். திரும்பி வரும்போது, வளைவில், றோட்டு நடுவில் ஒரு மான் நிற்பதைக் கண்டேன். அவர் நேரே போய்க்கொண்டிருந்தார். அவர் அதைக் காணவில்லையாக்கும் என்று நினைத்து, "மான்!" எனக் கத்தியபடி பாய்ந்து ஸ்டியரிங்கை இழுத்தேன்.

மான் இல்லை. பின்னால் வந்த காரில் இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். றோட்டில் ஒன்றுமே இல்லை, கார் திடீரென்று எதிர்ப்பக்கம் போனது என்றார். எனக்கு ஆஸ்பத்திரியில் நினைவு தெளிவதற்குள் இவர் வாக்குமூலம் கொடுத்து முடித்துவிட்டார். பிறகு பொலிஸ் என்னிடம் கேட்டபோது, நித்திரையாக இருந்தேன், ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். அந்த ஒரு பொய்யோடு பத்து மாதம் இருந்தேன். அவரோடு கூட அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை.

இன்று காலை அவர் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

"இஞ்சாருங்கோ. அண்டைக்கு நீங்கள் நித்திரை கொள்ளேல்லை."

அவர் கையில் இருந்ததைப் பிழிந்து முடித்தார். "அது முடிஞ்ச கதை, வதனி."

"முடியேல்லை. நான்தான் பிடிச்சு இழுத்தனான்."

"தெரியும்."

"ஏன் பொலிசுக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

உரலை வைத்துவிட்டுத் திரும்பினார். "மாமிக்கு அந்தியேட்டி நாலு நாளில. நீர் சுவரைப் பாத்துக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சனீர். பொலிஸ்காரன் வந்து கேட்டா மான் கண்டனான் எண்டுவீர். மான் இல்லையெண்டு மற்றவன் சொல்லுறான். பிறகு உம்மை எங்கையெல்லாம் கொண்டுபோய் என்னென்ன கேட்டிருப்பினம்? எனக்கு வாயில வந்தது நித்திரை. சொல்லிப்போட்டன்."

"நான் இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் இருந்தனே. கோவம் வரேல்லையோ?"

"வந்தது. பஸ் கழுவேக்கை சில நாள் வரும். வீட்டை வந்து உம்மைக் காண அடங்கிப்போகும்."

இடியப்பம் ஆறிவிட்டது. சொதியைத் திரும்பச் சுடவைத்தேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பொலிஸ் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். "இன்னும் ரெண்டு மாசம்தானே, விடும்" என்று அவர் காலையில் மறித்தார். விடவில்லை. அங்கே இருந்த பெண் அதிகாரி நான் சொன்னதை முழுக்க எழுதி எடுத்தார். முதலில் பொய் சொன்னதற்கு இருவருக்கும் எச்சரிக்கை வரலாம் என்றார். லைசென்ஸ் விசயம் மேலிடத்துக்குப் போகுமாம்.

வெளியே வந்து தரிப்பிடத்தில் நின்றேன். பஸ் வந்தது. "யோகா எப்படி?" என்று கேட்டார் ஓட்டுநர். நல்லாயிருக்கிறார் என்றேன். முதன்முறையாக அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

டிசம்பர் 13, வெள்ளி

லைசென்ஸ் சோதனையில் பாஸ். அவர் பஸ் கழுவும் இடத்திலிருந்து பூட்ஸோடு ஓடிவந்தார். கேக் வாங்கினோம். ஆரணிக்கு எல்லாவற்றையும் போனில் சொன்னேன். "அப்பாட்டைக் குடுங்கோ" என்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் குளியலறையைக் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 18, சனி

மண்டபத்தில் பொங்கல் விழா. பாட்டு முடிந்ததும் நானாகப் போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"போன வருசம் எங்கட கார் பிரண்டது இவர் நித்திரை கொண்டதால இல்லை. நான் ஸ்டியரிங்கை இழுத்ததால. என்னைக் காப்பாத்தத்தான் இவர் பழியை எடுத்தவர். இதை நான் முதலே சொல்லியிருக்கவேணும்."

அவர் தலை குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இந்திரகுமார் எங்கள் மேசைக்கு வந்தான். "அக்கா, எனக்குத் தெரியாமப் போச்சு" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சுதானே இருந்தது, தம்பி" என்றேன்.

ஜனவரி 29, புதன்

கடிதம் வந்தது. அவருடைய லைசென்ஸைத் திருப்பித் தருகிறார்கள். எச்சரிக்கையும் வந்திருக்கிறது. நான் துள்ளாத குறை. அவர் இரண்டு தரம் வாசித்தார். மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"எப்ப போய் எடுக்கப்போறீங்கள்?"

"பிறகு பாப்பம்."

பெப்ரவரி 9, ஞாயிறு

நகரத்துக்கு நான்தான் ஓடினேன். அவர் பக்கத்தில். வரும் வழியில் மழை தூறி, விழுந்த இடத்திலேயே உறைந்துகொண்டிருந்தது. மெதுவாகத்தான் வந்தேன். ஆனாலும் ஒரு இறக்கத்தில் பின்சில்லு போய்விட்டது. கார் மலைப்பக்கம் திரும்பியது. றோட்டு போகிற பக்கத்தைப் பார்த்தேன். கை பின்னால் வந்தது. இரண்டு ஆட்டம். பிறகு நேரே.

சந்தோசமாகத் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. ஒதுக்கிடம் ஒன்றில் நிறுத்தினேன்.

"வதனி, எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது?"

"பஸ். நாப்பது பேரை ஏத்திக்கொண்டு இந்த றோட்டில... லைசென்ஸ் இல்லையெண்டு சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு வசதியாத்தான் இருந்தது."

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"உம்மட கை பட்டதுக்குப் பிறகும் எனக்கு ரெண்டு செக்கன் இருந்தது. இருபத்திரண்டு வருசம் இதே றோட்டில ஓடினவன். காரைத் திருப்பி எடுக்கத் தெரியேல்லை. உம்மட பக்கம்தான் முதல்ல அடிபட்டது. அந்த ரெண்டு செக்கனை நான் ஒவ்வொரு நாளும் திருப்பித் திருப்பி ஓடிப் பாக்கிறன்."

ஒரு வருடமாக இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தேன். அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். உப்பு வண்டி வந்து றோட்டில் உப்புத் தூவிப் போகும்வரை அங்கேயே இருந்தோம்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தூருனுக்குப் போன் எடுத்தேன்.

பெப்ரவரி 22, சனி

லைசென்ஸை எடுப்பித்து, அவரைத் தடத்துக்குக் கூட்டிப்போனேன். வர விருப்பமில்லை. "பஸ் ஓடினவன் பள்ளிக்கூடத்துக்குப் போறதோ" என்று வழி முழுக்கப் புறுபுறுத்தார்.

அவர் ஓட, நான் பக்கத்தில். தூருன் வெளியே வயர்லெஸ்ஸோடு நின்றாள். நாற்பதில் செய்தார். ஐம்பதில் செய்தார். தோள் இரண்டும் இறுகிக் காதுவரை வந்திருந்தது. பிறகு தூருன் வயர்லெஸ்ஸில் கேட்டாள். "விபத்து நடந்தபோது என்ன வேகம்?"

"எழுபது."

"எழுபதில் வாருங்கள். அந்த வளைவில் திருப்புங்கள். பயப்பட வேண்டாம், இங்கே மோத ஒன்றும் இல்லை."

வந்தார். திருப்பினார். கார் அவருடைய கையை விட்டுப் போனது. நாங்கள் இருவரும் பெரிய ராட்டினத்தில் ஏறியதுபோல மூன்று முழுச் சுற்றுச் சுற்றிப் போய் நின்றோம். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

தூருன் வந்து கதவைத் திறந்தாள். "இப்போது நான். நீங்கள் பின்னால் ஏறுங்கள்" என்றாள். அதே வேகம், அதே வளைவு. ஒவ்வொரு நாளும் ஐஸில் ஓடுகிற பிள்ளை. கார் அவளையும் சுழற்றி எறிந்தது. நின்றதும் திரும்பிச் சொன்னாள். "இந்த வேகத்தில், இந்த ஐஸில் என்னாலும் முடியாது. ஒருவராலும் முடியாது. அதைக் காட்டத்தான் இந்தத் தடத்தையே கட்டியிருக்கிறார்கள்."

"இன்னொருக்காச் செய்து காட்டுவீரோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவள் இன்னொரு தரம் செய்தாள். மறுபடியும் சுழன்றோம்.

இறங்கித் திடலின் நடுவில் நின்றார். சூரியன் மலைக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. "அவளாலையும் ஏலாதாம்" என்றார். காரில் ஏறியதும் இன்னொரு தரம் சொன்னார். வீட்டு வாசலில் சப்பாத்துக் கழற்றும்போதும் சொன்னார். "வதனி, அவளாலையும் ஏலாதாம்."

பிறகு குனிந்தபடியே அழுதார். நான் அவருடைய தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

மார்ச் 2, ஞாயிறு

நாளை காலை ஆறு இருபது பஸ் அவருடையது. முதல் வாரம் இன்னொரு ஓட்டுநர் கூட இருப்பாராம். சீருடைச் சட்டையை நான் அழுத்த எடுத்தேன். அவர் பறித்துத் தானே அழுத்தினார். கொலரை இரண்டு தரம் அழுத்தினார்.

"நீர் காரில போம். பஸ்ஸில வந்து மினக்கெடாதையும்" என்றார்.

நான் பஸ்ஸில்தான் போகப்போகிறேன். முதல் தரிப்பில் ஏறி, அவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் இருப்பேன். அதைச் சொன்னதும், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "ஓட்டுநரோட கதைக்கக்கூடாது. டிக்கெட் எடுக்கவேணும். பெண்சாதி எண்டு சும்மா ஏத்த ஏலாது" என்றார்.

எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.